அமாவாசைக்கு மீன் குத்த வாறியளோ

கைபேசி அடித்தது.

பிரசாந்தி எடுக்கவில்லை.

மறுபடியும் அடித்தது. வெட்டிய பூசணித் துண்டுகளுக்கு நடுவில் கிடந்து துடித்தது. திரையில் பொலிஸ் நிலைய இலக்கம். அந்த இலக்கத்திலிருந்து நல்ல செய்தி வந்ததாகச் சண்டிலிப்பாயில் சரித்திரமே இல்லை!

மூன்றாவது தடவை எடுத்தாள்.

"பிள்ளை, இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியம் கதைக்கிறன்."

"சொல்லுங்கோ ஐயா."

"கொழும்பிலை இருந்து ரிப்போட் வந்திட்டுது. மண்டாவிலை இருந்தது மீன் இரத்தம் இல்லை. மனிச இரத்தம்."

கத்தியைப் போட்டாள்.

பாதிப் பூசணி உருண்டது.

பிரசாந்தி எழுந்து சேலை மாற்றப் போனாள்.

* * *

இன்ஸ்பெக்டரின் மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெறப் போகிற மனிதர். கொலை வழக்குகளை விட மாட்டுத் திருட்டு வழக்குகளை விரும்புகிறவர். மாடு மாற்றிச் சாட்சி சொல்லாது.

"இரு பிள்ளை."

"நிக்கிறன் ஐயா."

"நடந்ததை ஒருக்கா திரும்பப் பாப்பம். வைகாசி அமாவாசை. உன்ரை மனிசன் சிவகரனும் பக்கத்து வளவுக் கதிரவேலுவும் அராலிப் பரவைக்கடலிலை மீன் குத்தப் போனவை. ரெண்டு பேர் போய் ஒராள் வந்தது. விடிய, கதிரவேலுவின்ரை சேட்டு கரையிலை ஒதுங்கிச்சுது. உடம்பு இண்டைவரைக்கும் இல்லை. சிவகரன்ரை மண்டாவிலை இரத்தம்."

மண்டா என்பது மூன்று முள் வைத்த நீண்ட ஈட்டி. முழங்கால் தண்ணீரில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, அடியில் கிடக்கிற மீனைக் குத்துவது.

மீனைத்தான் குத்துவது.

"அது திருக்கை இரத்தமெண்டு இவர் அப்பவே சொன்னவர் ஐயா. லைற் நூந்து போச்சுது. திரும்பப் போட்டுப் பாத்தா ஆளைக் காணேல்லை."

"கொழும்பு சொல்லுது, அந்தத் திருக்கைக்கு ரெண்டு காலெண்டு. உங்கடை ரெண்டு வளவுக்கும் நடுவிலை வேலிச் சண்டை. அதையும் உன்ரை மனிசன் எனக்குச் சொல்லேல்லை. ஊரே சொன்னது."

சொல்லாமல் இருக்குமா ஊர்? சிவகரனும் கதிரவேலுவும் தரையில் முகம் பார்ப்பதில்லை. வேலி ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வழக்கு நடக்கிறது. ஆனால் மாதா மாதம் இருட்டு வந்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் கடலில் இறங்குவார்கள். நல்ல லைற் சிவகரனிடம். நல்ல கை கதிரவேலுவிடம். ஒன்றில்லாமல் மற்றது உதவாது. கடலில் வேலியைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று ஒரு ஒப்பந்தம்.

"ஐயா, நாக்குமீன் பாத்திருக்கிறியளோ?"

"பொரிச்சுப் பாத்திருக்கிறன்."

"அது ஓடாது. தட்டையா மண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். அது மட்டும் வெளியிலை தெரியும். சும்மா படுத்துக் கிடக்கிற அந்த மீனுக்கு இவர் குத்தினா, மண்டா பக்கத்து மண்ணிலைதான் போய் ஏறும். கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து பாக்கிறன். லைற் பிடிக்கிறது இவர், குத்துறது கதிரவேலர். இவருக்குக் குறி வராது ஐயா. இவர் போய் ஒரு மனிசனைக் குத்தினவராமோ?"

"மனிசன் நாக்குமீனை விடப் பெரிசு பிள்ளை."

"கதிரவேலர் சாகேல்லை."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"விடியக் காலமை வேலிக்கு அங்காலை சுருட்டு மணக்குது. மகன் ஜெயரூபன் சுருட்டுப் பத்திறேல்லை. தாய் நல்லம்மாவும் பத்திறேல்லை."

"எங்கையிருந்து மணக்குது?"

"அவையின்ரை புகையிலைக் கொட்டிலுக்குள்ளை இருந்து."

இன்ஸ்பெக்டர் ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"புகையிலைக் கொட்டிலிலை புகையிலை மணக்குது. இதைச் சொல்லி நான் நீதவானிட்டைத் தேடுதல் உத்தரவு கேக்கோணும். அப்பிடித்தானே? வெள்ளிக்கிழமை வழக்குத் தவணை. அண்டைக்குக் கொலை எண்டு பதிஞ்சா, பிறகு உன்ரை மனிசனை வெளியிலை எடுக்கிறது ஆராலையும் ஏலாது. ஒரே ஒரு ஆளாலை ஏலும்."

"ஆர் ஐயா?"

"செத்தவர். கூட்டிக்கொண்டு வா. மறியல் கதவை நானே திறந்து விடுறன்."

* * *

பொலிஸ் நிலைய வாசலில் நௌபர் ஓட்டோவோடு நின்றான்.

யாழ்ப்பாணம் டவுனில் ஓட்டோ ஓடுகிறவன். சிவகரனின் கூட்டாளி. கூட்டாளி மறியல் சிறைக்குப் போன நாளிலிருந்து பிரசாந்தியை மறியலுக்கும் வீட்டுக்கும் ஏற்றி இறக்குவது அவன்தான்.

"என்னவாம் அக்கா?"

"செத்தவரைக் கூட்டி வரட்டாம்."

"ஓட்டோவிலை இடமிருக்கு. ஏறுங்கோ."

ஓட்டோ சந்தியில் திரும்பியது. மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். கறுப்பு வெள்ளையில் கதிரவேலு முறைத்துக்கொண்டிருந்தார். உடம்பு கிடைக்க முதலே ஜெயரூபன் ஒட்டியது. தலையையும் மீசையையும் வழித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் தகப்பனைக் கொன்றவனின் பெயரைச் சொல்லி அழுதவன் அவன்.

பிரசாந்தி அந்த முகத்தையே பார்த்தாள்.

போன கிழமை மறியலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிவகரன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வழக்கறிஞரைப் பற்றி இல்லை. பிணையைப் பற்றி இல்லை.

வியாழக்கிழமை ஆடி அமாவாசை. செத்த என்ரை அப்பருக்கு விரதம். உள்ளுக்கை தாற சாப்பாட்டிலை கருவாடு கிடக்கும். மரக்கறிச் சோறு குடுத்து விடு...

ஆடி அமாவாசை!

அவள் முதுகு நிமிர்ந்தது.

"நௌபர், ஓட்டோவை ஓரங்கட்டும். உமக்கு மீன் குத்தத் தெரியுமோ?"

"எனக்கு மீன் தின்னத் தெரியும். முள்ளு எடுக்கிறதே பொஞ்சாதிதான்."

"காணும். நீர் வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு திரியிற ஆள். ரெண்டு பேர் வந்து நிக்கினம். மண்டாவோடை கடலிலை இறங்கி நாக்குமீன் குத்தோணுமெண்டு ஒற்றைக் காலிலை நிக்கினம். ஜெயரூபனிட்டைப் போய் ஒழுங்கு செய்யோணும்."

"எந்த வெள்ளைக்காரர்?"

"இல்லாத வெள்ளைக்காரர்."

"எந்த நாடு?"

"இல்லாத ஆக்களுக்கு நாடு என்னத்துக்கு?"

"கேட்டா சொல்லோணுமே அக்கா. டென்மார்க் எண்டு வைப்பம்."

"வையும். ஆனா எந்த நாளெண்டு நீர் சொல்லக் கூடாது. அவன் வாயாலை வரோணும். நாக்குமீனுக்குக் கும்மிருட்டு வேணும். நிலா இருந்தா எங்கடை நிழலைக் கண்டிட்டு மண்ணுக்குள்ளை இன்னும் தாண்டிடும். இந்த மாசத்திலை கும்மிருட்டு வியாழன்தான்."

"சரி, வியாழன். அதிலை என்ன?"

"வியாழன் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆம்பிளைக்கு விரதம். விடியக் கீரிமலையிலை போய் முழுகுவினம். முதல் வருசமோ முப்பதாம் வருசமோ, எங்கடை சனத்திலை தகப்பனை இழந்த பிள்ளை அண்டைக்கு மீன் தொடாது. அதுவும் தகப்பன் போன அதே கடலிலை."

நௌபருக்கு விளங்கத் தொடங்கியது. மெதுவாக விசில் அடித்தான்.

"ஓமெண்டு சொன்னா?"

"தகப்பன் உயிரோடை இருக்கிறார். தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு அந்த விரதம் இல்லை. அந்த நினைப்பும் வராது. அவன் ஓமெண்ட ஒரு சொல்லை ரெக்கோட் பண்ணினா, ஐயா நீதவானிட்டைப் போகலாம்."

"மாட்டனெண்டு சொன்னா?"

பிரசாந்தி தெருவைப் பார்த்தாள். ஒரு வைக்கோல் லொறி அவர்களைக் கடந்து போனது.

"அப்ப கதிரவேலர் செத்திட்டார். நான் ஒரு கொலைகாரன்ரை பெண்சாதி."

நௌபர் ஓட்டோவைக் கிளப்பினான்.

"எங்கடை பெருநாளுக்கு வட்டிலப்பம் கேட்டு வாறனியள். உங்கடை விரதத்துக்கு என்னை மீன் குத்த அனுப்பிறியள். நல்ல சனம் அக்கா நீங்கள்."

* * *

பின்னேர வெயில்.

பனையோலை வேலி. இந்தப் பக்கம் பிரசாந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம் கதிரவேலுவின் முற்றம். முற்றத்தின் கோடியில் புகையிலைக் கொட்டில், கதவு சாத்தியபடி.

நௌபரின் கைபேசி அவன் சட்டைப் பையில். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிரசாந்தியின் கைபேசி பதிந்துகொண்டிருந்தது.

ஜெயரூபன் கதிரை கொண்டுவந்து போட்டான். வழித்த தலையில் மயிர் குச்சி குச்சியாக முளைத்திருந்தது. நெற்றி நிறையத் திருநீறு. இந்த ஊரில் அவனை விடத் துக்கமான மகன் இல்லை.

"டென்மார்க்கோ?"

"ஓம் தம்பி. புருசன் பெண்சாதி. சாப்பிடக் குடுத்தா வேண்டாமாம். கோயில் காட்டினா வேண்டாமாம். நாக்குமீன்தான் குத்தோணுமாம்."

"கடலுக்கு நான் இப்ப போறேல்லை அண்ணை."

வேலிக்கு இந்தப் பக்கம் பிரசாந்தி காதை ஓலையோடு ஒட்டினாள்.

"அப்பா போன கடல். அவரை ஒரு பாவி குத்திக் கொன்ற கடல். இனி அதிலை கால் வைக்க மாட்டன்."

முடிந்தது!

அவள் வேலியின் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டாள். கதியால் ஆடியது.

நௌபர் எழும்பிவிட்டான். எழும்பினவன், செருப்பைப் போட்டபடி சாதாரணமாகச் சொன்னான்.

"பிழையில்லை தம்பி. மாதகல் பக்கம் ஒருத்தர் இருக்கிறாராம். உங்களை விடத் திறமெண்டு கேள்வி."

"ஆர்?"

"பேர் தெரியேல்லை. ஆனா நாக்குமீன் எண்டா அவர்தானாம்."

"மாதகலிலையோ?" ஜெயரூபன் சிரித்தான். துக்கம் சற்று விலகியது. "அது ஆழக்கடல் அண்ணை. அவை வள்ளத்திலை போய் வலை போடுற ஆக்கள். நடந்து போய்க் குத்திறதுக்கு அராலியை விட்டா இடமில்லை. இருங்கோ."

நௌபர் திரும்ப உட்கார்ந்து கேட்டான்.

"மண்டா எத்தினை வேணும்?"

"அது என்னட்டைக் கிடக்கு. நெத்தியிலை கட்டுற லைற் ரெண்டு நீங்கள் கொண்டு வாங்கோ. மஞ்சள் வெளிச்சம் வேண்டாம். வெள்ளை. செருப்பு வேண்டாம், சப்பாத்து. முழங்காலுக்கு மேலை தண்ணிக்குள்ளை போகக் கூடாது. முக்கியமான விசயம், காலைத் தூக்கி வைக்கக் கூடாது."

"பிறகு எப்பிடி நடக்கிறது?"

"இழுத்து இழுத்து. தூக்கி வைச்சா திருக்கைக்கு மேலை மிதிப்பியள், முள்ளாலை குத்திப் போடும். இழுத்துக்கொண்டு போனா மண் கலங்கும், அது விலகிப் போகும். இதைத்தான் அப்பா எந்த நேரமும் சொல்லுறவர்."

"டென்மார்க்கிலை காலைத் தூக்கித்தான் நடக்கிறவை. பழக்கோணும்."

"பழக்குவம். பாவம் அந்தச் சனம்."

நௌபர் கதிரையை முன்னால் இழுத்தான்.

"எண்டைக்கு வைப்பம்?"

பிரசாந்தி கண்ணை மூடினாள்.

ஜெயரூபன் வானத்தைப் பார்த்தான். விரலில் ஏதோ எண்ணினான். பிறகு பளிச்சென்று சொன்னான்.

"வாற வியாழன்! அண்டைக்குப் போல இருட்டு கிடையாது. காத்தும் விழுந்திடும். தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும்."

"வியாழன் உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லையே?"

"எனக்கென்ன கரைச்சல்?"

பிரசாந்தி கண்ணைத் திறந்தாள்.

காணும். இது போதும். நௌபர், எழும்பி வா...

நௌபர் எழும்பவில்லை. வேஷம் அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது.

"தம்பி, இன்னுமொண்டு. குத்தின மீனை அவைக்கு உடனை சமைச்சுக் குடுக்கோணும். ஒடியல் கூழ் கேக்கினம்."

"டென்மார்க்காரர் கூழ் கேக்கினமோ?"

"எங்கையோ படிச்சிருக்கினம்."

"அதுக்கென்ன, அம்மா காய்ச்சுவா."

அவன் குசினிப் பக்கம் திரும்பினான். நல்லம்மாவுக்குக் காது மந்தம். ஆகவே முழு வளவுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"அம்மா! வியாழக்கிழமை இரவு கூழ் காய்ச்ச ஒடியல் மா கிடக்கோ? மீன் நான் குத்திக்கொண்டு வாறன்!"

குசினியிலிருந்து பதில் வரவில்லை.

புகையிலைக் கொட்டிலிலிருந்து வந்தது.

"அடேய் அறுவானே! வியாழக்கிழமை ஆடி அமாவாசையடா! என்ரை அப்பருக்கு விரதமடா! அண்டைக்கு என்ரை அடுப்பிலை மீன் ஏத்தவோ பாக்கிறாய்?"

ஜெயரூபனின் வாய் திறந்தபடி நின்றது. திருநீறு வியர்வையில் வழியத் தொடங்கியது. குசினி வாசலில் நல்லம்மா அகப்பையோடு வந்து நின்று, மகனைப் பார்த்தாள், கொட்டிலைப் பார்த்தாள், அகப்பையால் தன் தலையில் மெதுவாகத் தட்டிக்கொண்டாள்.

நௌபர் மட்டும் காலுக்கு மேல் கால் போட்டான்.

"தம்பி, உங்கடை புகையிலை நல்லாக் கதைக்குது."

அதே நேரம்... சடசடவென்று ஒரு சத்தம்! ஓலை கிழிந்தது. கதியால் முறிந்தது. எத்தனை வழக்குப் பேசியும் ஓர் அங்குலம் அசையாத அந்த வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விழுந்தது. அதற்குள்ளால் பிரசாந்தி வந்தாள். தலைமயிரில் ஓலைச் சிம்பு. கையில் கைபேசி.

நேரே கொட்டிலுக்குப் போனாள். கதவை உதைத்தாள்.

உள்ளே பாடம் போட்ட புகையிலைச் சிப்பங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு பாய். பாயில் குப்புறப் படுத்தபடி, சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கண் மட்டும் வெளியில் தெரிய...

கதிரவேலு!

"சுகமோ கதிரவேலர்? செத்த வீட்டுக்கு நான் வரேல்லை. கோவிக்காதேங்கோ. அழைப்பு வரேல்லை."

"பிள்ளை, நான் சொல்லுறதை ஒருக்கா கேள்—"

"ஒரு முழ வேலிக்குச் செத்து நடிச்ச மனிசனிட்டை நான் என்னத்தைக் கேக்கிறது? என்ரை மனிசன் ரெண்டு மாசமா மறியலிலை. கதைக்கிறதெண்டா பொலிஸிலை வந்து கதையுங்கோ. இல்லாட்டி இப்பவே சந்தியிலை நிண்டு கத்துவன், நோட்டீசிலை இருக்கிற ஆள் கொட்டிலிலை சுருட்டுப் பத்துறாரெண்டு."

கதிரவேலு மெதுவாக எழும்பினார். ஒரு கையால் சுவரைப் பிடித்தார். மறு கையால் இடுப்புக்குக் கீழே பிடித்தார்.

"வாறன். எனக்கும் கதைக்க வேண்டிக் கிடக்கு."

* * *

ஓட்டோவில் அவர் உட்காரவில்லை.

இருக்கையில் முழங்காலை ஊன்றி, பின்பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி பயணம் செய்தார். பக்கத்தில் பிரசாந்தி. முன்னால் நௌபரோடு ஒட்டிக்கொண்டு ஜெயரூபன்.

"வடிவா இருங்கோ அய்யா, வளைவு வருது," என்றான் நௌபர்.

"இருக்க ஏலாது."

"ஏன் ஏலாது?" என்றாள் பிரசாந்தி.

"உன்ரை மனிசனைக் கேள்."

கொழுப்பு, என்று அவள் நினைத்துக்கொண்டாள். செத்தும் அடங்காத கொழுப்பு.

சந்தியில் மின்கம்பம் வந்தது. கதிரவேலு கதிரவேலுவைப் பார்த்தார்.

"அடேய், உந்தப் படத்தையோ போட்டனீ? அடையாள அட்டைக்கு எடுத்த படமெல்லோ உது. களவெடுத்தவன் மாதிரி இருக்கு."

"அவசரத்துக்கு வேறை கிடைக்கேல்லை அப்பா."

"கோட் போட்ட படம் அலுமாரிக்குள்ளை கிடக்கு. அம்மாவைக் கேட்டிருக்கலாமே."

"டென்மார்க்காரருக்கு என்ன சொல்லுறது அண்ணை?" என்று ஜெயரூபன் நௌபரைக் கேட்டான்.

பாவம். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

* * *

இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியம் கதிரவேலுவைப் பார்த்தார். கோப்பில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு தேநீரைத் தள்ளி வைத்தார்.

"நீங்கள் கேட்ட ஆள், ஐயா," என்றாள் பிரசாந்தி. "கதவைத் திறக்கிறனெண்டு சொன்னனியள்."

குரலில் வெற்றி. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கதிரையில் இருந்தாள்.

"கதிரவேலு, இரும்."

"நிக்கிறன்."

"ஏன் ஒளிச்சனீர்? வேலிக்கோ?"

"வேலிக்கு ஆரும் சாவினமோ?" கதிரவேலு இடுப்பைப் பிடித்தபடி சொன்னார். "அண்டைக்கு நல்ல மீன் பட்டது. அந்தச் சந்தோசத்திலை வாய் தவறி வேலிக் கதையை எடுத்திட்டன். கடலிலை அதை எடுக்கிறேல்லை எண்டு பேச்சு. அது என்ரை பிழை. சிவகரன் ஒண்டும் சொல்லேல்லை. லைற்றை நூத்தான். பிறகு என்னைக் குத்தினான்."

"பொய்!"

பிரசாந்தி எழும்பிவிட்டாள்.

"இருட்டிலை தெரியாமல் பட்டிருக்கும் ஐயா. உவர் சோடிக்கிறார்."

"நான் ஓடினன். சேட்டைக் கழட்டித் தண்ணியிலை விட்டிட்டு, சுற்றி நடந்து கரையேறி வீட்டை வந்தன்."

"உடனை வந்து என்னட்டை முறைப்பாடு செய்திருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செய்தா? குத்த வந்தவனெண்டு பிடிப்பியள். ரெண்டு கிழமையிலை பிணையிலை வந்து, வேலிக்கு அங்காலை மண்டாவோடை நிப்பான். அவனை வெளியிலை விடாமல் வைச்சிருக்க எனக்கு வேறை வழி தெரியேல்லை. அதுதான் செத்தனான்."

நௌபர் கூரையைப் பார்த்தான். சட்டம் தெரிந்த பிணம்.

"எங்கை குத்தினது? காட்டும் பாப்பம்."

கதிரவேலு பிரசாந்தியைப் பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கதிரவேலு இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டி நின்று, சாரத்தைத் தளர்த்தினார்.

பின்புறத்தில், இடது பக்கம், வரிசையாக மூன்று தழும்பு.

"மூடும், மூடும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருட்டிலை தவறிப் பட்டிருக்கும்," என்றாள் பிரசாந்தி சுவரைப் பார்த்தபடியே. "உதிலை ஆராவது வேணுமெண்டு குத்துவினமோ ஐயா? இவர் ஒரு பூச்சியையும் நோகப் பண்ணாத மனிசன். மறியலுக்குள்ளை இருந்துகொண்டும் தகப்பன்ரை விரதத்தை நினைக்கிறவர். அவரையே கேளுங்கோ."

"கேப்பம்."

இன்ஸ்பெக்டர் தொலைபேசியை இழுத்தார். மறியலில் தெரிந்த அதிகாரி. சிவகரனைக் கூப்பிடச் சொன்னார். ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவில் வைத்தார்.

கதவுகள் திறக்கிற சத்தம். சங்கிலி. காலடிகள். இழுத்து இழுத்து வருகிற காலடிகள், கடலில் நடக்கிற மாதிரி.

"ஹலோ..."

"சிவகரன், இன்ஸ்பெக்டர் கதைக்கிறன். உமக்கு ஒரு சந்தோசமான செய்தி."

"சொல்லுங்கோ ஐயா."

"கதிரவேலு உயிரோடை இருக்கிறார்."

பிரசாந்தி தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"இருக்காது ஐயா," என்றது சிவகரனின் குரல்.

"எனக்கு முன்னாலை நிக்கிறார்."

"எப்பிடி ஐயா?" குரலில் கலப்படமில்லாத வியப்பு. "நான் நெஞ்சைப் பாத்தெல்லோ குத்தினனான்?"

மேசையில் ஒரு ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். கதிரவேலு பிரசாந்தியைப் பார்த்தார். ஜெயரூபன் நௌபரைப் பார்த்தான். கடைசியில் எல்லோரும் பிரசாந்தியைப் பார்த்தார்கள்.

அவள் கண்ணைத் துடைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கதிரையைத் தள்ளிவிட்டு வாசல் வரைக்கும் போனவள், நின்று திரும்பினாள்.

"நான் காலமையே சொன்னனான் ஐயா, உவருக்குக் குறி வராதெண்டு."